அகத்தியர் வீட்டு வாசலில் சில நிபந்தனைகள்

திருநெல்வேலிக்காரரிடம் அல்வாவைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ரெண்டாவது வாக்கியத்திலேயே "எல்லாம் தாமிரபரணித் தண்ணி ஸார்!" என்பார். அந்தத் தண்ணி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டால் மேற்கே கையை நீட்டி "பொதிகை!" என்பார். போயிருக்கீங்களா என்று கேட்டுவிட்டால் மட்டும், "அது வந்து... எங்க சித்தப்பா போயிருக்கார்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பாபநாசம் பக்கமிருந்து ஜனங்கள் மலையேறிய காலம் உண்டு. இப்போது அது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். யாத்திரை, டிரெக்கிங் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கமாக ஏற முடியாது. அகத்தியர் தமிழ் வளர்த்தார் என்று நாம் பெருமையடித்துக்கொள்கிறோம்; அவரைப் பார்க்க வேண்டுமானால் கேரளாவில் க்யூவில் நிற்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலைதான். திருவனந்தபுரம், நெடுமங்காடு, விதுரை என்று பஸ் மாறி, கடைசியில் போணக்காடு. அங்கே தார் ரோடு முடிகிறது. அகத்தியர்கூடம் என்று மலையாளத்தில் சொல்லும் அந்தச் சிகரத்துக்கு ஒரு வழி நடை 20 கிலோமீட்டருக்கு மேல். உயரம் 1868 மீட்டர்.

போன தடவை நாங்கள் ஆறு பேர் போனோம். எல்லாரும் ஒரே ஆபீஸ். ஹெட் கிளார்க், டெஸ்பாட்ச் தம்பி, கேஷியர், நான், இன்னும் ரெண்டு பேர். "ஆறு பேருக்கு ஒரே நேரத்தில் லீவா?" என்று மேனேஜர் அலறினார். அவரையும் கூப்பிட்டோம். லீவு உடனே சாங்ஷன் ஆகிவிட்டது, அவர் வரமாட்டார் என்ற நிபந்தனையோடு.

நிபந்தனை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த மலைக்குப் போவதைவிட, போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சமாசாரங்கள்தான் நிறைய. மகரவிளக்கு முதல் சிவராத்திரி வரை என்பது பழைய கணக்கு. இன்றைக்கும் ஏறக்குறைய அந்த ஜனவரி, பிப்ரவரி சீஸன்தான். ஒரு நாளைக்கு நூறு பேர் அளவில்தான் மேலே விடுகிறார்கள். வனத்துறை கம்ப்யூட்டரில் புக்கிங் திறக்கிற அன்றைக்கே, ரஜினி படத்துக்கு முதல் நாள் டிக்கெட் தீருகிற வேகத்தில் தீர்ந்துவிடுகிறது. 14 வயசுக்குக் கீழே அனுமதி இல்லை. அடையாள அட்டை வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சமீபத்தில் எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட் வேண்டும். கட்டணம் சில ஆயிரம். வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. மலையேறுகிறவர்களுக்கு அது ஒரு முன்பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் சர்ட்டிபிகேட் வெறும் சடங்கு என்று நினைத்து, தெரிந்த கிளினிக்கில் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வாங்கி வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதிருமலை முகாமிலிருந்து ஒருத்தரைத் தூக்கிக்கொண்டு வருவது என்றால், அந்தப் பாதையில் நாலு பேர் தோளில் ஒரு பகல் முழுக்கத் தூக்கி வரவேண்டும். அந்த நாலு பேரும் காணிக்காரர்கள். அவர்களுக்கும் முதுகு இருக்கிறது.

போணக்காட்டில் பையை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் பை, ஷாம்பு சாஷே, சிகரெட், 'அந்த' பாட்டில் எல்லாம் அங்கேயே நிறுத்தம். எங்கள் கேஷியர் பையிலிருந்து கல்கண்டு, கற்பூரம், சூடத்தட்டு, அரை லிட்டர் பால், ஒரு சின்ன மணி, விபூதி என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. "பூஜா சாதனம் பாடில்லா" என்றார் கார்டு. கேஷியர் முகம் விழுந்துவிட்டது. "ஸார், அகத்தியருக்குப் பண்ண வேண்டாமா?" என்றார் தமிழில். கார்டு சிரித்துக்கொண்டே தமிழிலேயே பதில் சொன்னார்: "அவர் சித்தர் ஸார். கற்பூரம் இல்லாமலே சமாளிச்சுக்குவார்."

உச்சியில் சிலை இருக்கிறது. கும்பிடலாம், தடுப்பவர் யாருமில்லை. பூஜை, அபிஷேகம், சூடம் கொளுத்துவது மட்டும் கூடாது. பக்திக்கு இது விரோதம் என்று கோபப்படுகிறவர்கள், பிப்ரவரி மாசத்துப் புல்மேட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும். இடுப்பளவு புல், காய்ந்து சருகாகி, காற்றில் சரசரவென்று நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும். கற்பூரமும் பீடியும் தீ விஷயத்தில் ஒரே ஜாதி. பால் ஊற்றினால் எறும்பு வரும், தேங்காய் உடைத்தால் கரடி வரும். கரடிக்குப் பிரசாதம் கொடுத்துப் பழக்கிவிட்டால், அடுத்த வாரம் வருகிற பாட்ச் என்ன செய்யும்?

வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். எங்களுக்கு வந்தவர் ஐம்பது வயசு மதிக்கத்தக்க காணிக்காரர். மெலிந்த தேகம், லுங்கி, தலையில் துண்டு, கையில் ஒரு வெட்டுக்கத்தி. காலில் ரப்பர் செருப்பு! நாங்கள் ஆறு பேரும் போட்டிருந்த ஷூக்களின் விலையைக் கூட்டினால் ஒரு மொபெட் வாங்கலாம். அவர் பேச்சு தமிழா, மலையாளமா என்று பிரிக்க முடியாத ஒரு பாஷை. நாங்கள் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டோம். அவர் எங்களை "சாரே" என்றார்.

முதல் அரை மணியிலேயே ஒரு பாடம். டெஸ்பாட்ச் தம்பி செல்போனில் பாட்டு வைத்தான். மெதுவாகத்தான். அண்ணாச்சி நின்றுவிட்டார். திட்டவில்லை. "சாரே, ஆனை இருந்தா நமக்கு அது சத்தம் கேக்கணும். நம்ம சத்தம் அதுக்குக் கேக்கறது பிறகு" என்றார். கிளை ஒடிகிற சத்தம், வயிற்றுக்குள் உருள்கிற மாதிரி ஒரு உறுமல் - அதுதான் இந்தக் காட்டில் ஹாரன். அதைக் காதில் வாங்காமல் திருப்பத்தில் போய் முட்டினால், எங்கே ரிவர்ஸ் எடுப்பது? பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் மலையணில் கத்தியது, இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே இறக்கை இரைச்சலோடு பறந்தது. அந்த இரைச்சலை நான் முதலில் ஹெலிகாப்டர் என்றே நினைத்தேன்.

வரிசையாக நடக்க வேண்டும். முன்னால் ஓடக்கூடாது, பின்னால் தங்கக்கூடாது. இதில் பெரிய கஷ்டம், குழுவில் ஒருத்தர் வேகமாக நடப்பார். எல்லாக் குழுவிலும் ஒருத்தர் இருப்பார். "நான் ஜிம்முக்குப் போறவன்" என்பார். அவரைக் கடைசியில் விடுங்கள், அதுவே நல்ல ஏற்பாடு. குழுவில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் குழுவின் வேகம். எங்கள் குழுவில் அது ஹெட் கிளார்க். ஆபீஸிலும் அப்படித்தான், பழகின விஷயம்.

லாத்திமொட்டை, கரமனையாறு, அட்டையாறு என்று முகாம் பெயர்கள். அட்டையாறு என்று பெயர் வைத்தவர் நேர்மையானவர். விளம்பரமே இல்லாமல் சரக்கு இருந்தது. அட்டை கடித்தால் பிய்த்து எறியாதீர்கள், காயம் ஆறாது. உப்பைத் துணியில் முடிந்து வைத்துத் தொட்டால் தானே விழுந்துவிடும். ஓடைகளில் தண்ணீர் அவ்வளவு தித்திப்பு. கையால் அள்ளிக் குடிக்கலாம். ஆனால் சோப்பு போட்டுக் குளிக்கக்கூடாது. பல் தேய்த்த நுரையைத் துப்பக்கூடாது. 'வெளிக்கு' ஒதுங்குவதானால் ஓடையை விட்டு நன்றாகத் தள்ளிப் போகவேண்டும். கீழே யாரோ குடிக்கிறார்கள் என்று சொல்வது இங்கே வெறும் பேச்சு இல்லை. நெய்யாறும் கரமனையாறும் மேற்கே இறங்குகின்றன; கிழக்கே தாமிரபரணி. ரெண்டு மாநிலத்துக் குடத்துக்கும் ஒரே மலைதான் குழாய்.

அட்டையாறு தாண்டியதும் புல்மேடு. வெயில். அதற்கப்புறம் ஏழுமடக்கன்தேரி, ஏழு மடிப்பாக வளைந்து ஏறுகிற ஏற்றம். அதற்கும் அப்புறம் முட்டிடிச்சான். ஏறும்போது முழங்கால் முட்டி முகத்தில் இடிக்கும், அதனால் அந்தப் பெயர். ஹெட் கிளார்க்குக்கு மட்டும் இடிக்கவில்லை. நடுவில் தொப்பை தடுத்துவிட்டது.

அதிருமலை முகாமில் ராத்திரி. தகரக் கொட்டகை, பாய், சுற்றிலும் யானை வராமல் அகழி. உள்ளூர்க் காணிக்காரர்கள் அடங்கிய குழு நடத்துகிற கேன்டீனில் கஞ்சியும் பயறும். ஆகா! தாஜ் கோரமண்டலில் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டாலும் அந்த ருசி வராது என்று எழுதிக் கொடுக்கத் தயார். நூறு பேர் ஒரே கூரையின்கீழ் படுக்கிறபோது என்ன மரியாதை? டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பாலிதீன் பை சரசரப்பு இருக்காது. அதைத்தான் கீழேயே பிடுங்கிவிட்டார்களே. குறட்டைக்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை, தடுக்கவும் வழியில்லை.

அங்கேதான் அண்ணாச்சியிடம் பேச வாய்ப்பு கிடைத்தது. அவரிடம் நான் ஆரோக்கியப்பச்சை பற்றிக் கேட்டேன். அந்தக் கதை தெரியாதவர்களுக்காக: 1987-ல் விஞ்ஞானிகள் சிலர் இந்தக் காட்டில் ஆராய்ச்சிக்கு வந்தார்கள். டாக்டர் புஷ்பாங்கதன் தலைமை. வந்தவர்கள் நாக்குத் தள்ளி உட்கார, வழிகாட்ட வந்த காணி இளைஞர்கள் மட்டும் ஏதோ ஒரு செடியின் சின்னக் காய்களைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அது என்ன காய் என்று முதலில் சொல்லவில்லை. வெளியாளுக்குச் சொல்வது வழக்கமில்லை. பிறகு நம்பிக்கை வந்து காட்டினார்கள். அந்தச் செடியை வைத்துத் திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்தில் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்தார்கள். 1995-ல் கோயமுத்தூர் ஆர்ய வைத்ய ஃபார்மஸிக்குப் பத்து லட்ச ரூபாய்க்கு உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அதற்காக ஒரு டிரஸ்டும் பதிவாயிற்று. பழங்குடிகளின் அறிவுக்குக் காசு கொடுத்த முதல் சில சம்பவங்களில் ஒன்று என்று உலகம் முழுக்க இதை உதாரணம் காட்டினார்கள்.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். "வர்றவங்க எல்லாரும் அந்தச் செடியைக் காட்டுன்னு கேப்பாங்க சாரே. காட்டினா பறிப்பாங்க" என்றார். அவ்வளவுதான். நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் இந்த மலையில் ஒரு மரியாதை.

பறிப்பதைப் பற்றி இன்னொன்று. 1865-ல் கர்னல் ட்ரூரி என்ற வெள்ளைக்காரர் இந்த மலையில் ஒரு ஆர்க்கிட் பூவைக் கண்டார். மஞ்சள் நிறம், கீழிதழ் குட்டிச் செருப்பு மாதிரி இருக்கும். அந்த ஜாதியில் தென்னிந்தியாவில் இது ஒன்றுதான். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அப்புறம் அது யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று நினைத்தார்கள். 1972-ல் மறுபடி கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததுதான் தப்பாகப் போயிற்று! ஆர்க்கிட் பிரியர்களும் வியாபாரிகளும் போட்டி போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கினார்கள். நூறு வருஷம் ஒளிந்து பிழைத்த செடி, கண்டுபிடித்த சில வருஷத்திலேயே காட்டில் அருகிப்போனது. "ஒரே ஒரு செடி, ஞாபகத்துக்கு" என்று கைநீட்டுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நீட்டட்டும். பூவை போட்டோ எடுங்கள். ஆனால் அது எந்த ஓடைக்கு எத்தனையாவது பாறை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காதீர்கள்.

மறுநாள் விடியற்காலை உச்சிக்கு. பொங்காலப்பாறை வரை காடு, பிறகு வெறும் பாறை. காற்று ஆளைத் தள்ளுகிறது. செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு கயிற்றில் ஒரு சமயம் ஒரு ஆள். மேலே இருப்பவர் கால் பதித்து "வாங்க" என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் பிடிக்க வேண்டும். நம்ம பஸ் ஸ்டாண்ட் பழக்கத்தில் மூணு பேர் சேர்ந்து தொங்கினால், ஒருத்தர் வழுக்க மூணு பேரும் சேர்ந்து அகத்தியரை நேரிலேயே பார்க்கலாம். இறங்குகிறவர்கள் களைத்து வருவார்கள், கால் நடுங்கும். அவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

எங்களுக்கு முன்னால் ரெண்டு பெண்கள் கயிறு பிடித்து ஏறினார்கள், காலேஜ் லெக்சரர்களாம். ரொம்ப காலமாகப் பெண்களை இந்த மலைக்கு விடுவதில்லை. சிகரம் புனிதமானது, பெண்கள் ஏறுவது எங்கள் வழக்கமில்லை என்று காணி மக்களில் பலர் சொன்னார்கள். 2018 நவம்பரில் கேரள ஹைகோர்ட், பெண் என்பதற்காகத் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற பாதுகாப்புத் துறை அதிகாரி, தீர்ப்புக்குப் பிறகு சிகரம் தொட்ட முதல் பெண் ஆனார். காணி மக்கள் அன்றைக்கு எதிர்ப்புத் தெரிவித்துப் பாட்டுப் பாடி உட்கார்ந்தார்களே தவிர, யாரையும் மறிக்கவில்லை. எனக்குத் தீர்ப்பு சரி என்றுதான் படுகிறது. ஆனால் மறிக்காமல் உட்கார்ந்தவர்களின் மரியாதையையும் மறக்க முடியவில்லை. டெஸ்பாட்ச் தம்பி, "மேடம், காலை இப்படி வைங்க" என்று கீழேயிருந்து ஆலோசனை சொல்ல ஆரம்பித்தான். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு நிமிஷத்தில் மேலே போய்விட்டார்கள். இவன் பதினைந்து நிமிஷம் கழித்துத்தான் வந்தான், வாயை மூடிக்கொண்டு.

உச்சி! கிழக்கே பார்த்தால் பனிமூட்டத்துக்கு நடுவே நம்ம ஊர்ப் பக்கம். பரமசிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் வடக்கே போனதால் பூமி சாய்ந்ததாம். அகத்தியரைத் தெற்கே அனுப்பி பேலன்ஸ் பண்ணினாராம். இந்தக் காற்றில் நிற்கிறபோது அது கதை மாதிரியே தெரியவில்லை, ஏதோ டிரான்ஸ்பர் ஆர்டர் மாதிரிதான் தெரிந்தது. பௌத்தர்கள் போதலகம் என்று சொல்கிற அவலோகிதர் மலையும் இந்தப் பொதிகைதான் என்று ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகா எழுதியிருக்கிறார். திருவனந்தபுரம் வானிலைக்கூடத்தின் ஜான் ஆலன் ப்ரௌன் 1850-களில் இந்த உச்சியில் காந்தமானியும் மற்ற கருவிகளும் வைத்து அளந்திருக்கிறார். கயிறும் ஷூவும் இல்லாத காலத்தில் அந்தக் கருவிகளை இங்கே யார் சுமந்து வந்திருப்பார்கள் என்று அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் துண்டை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார்.

கேஷியர் சிலைக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஞாபகம் வரலை ஸார்" என்றார்.

பாறையில் பெயர் எழுதுகிற வியாதி இங்கேயும் எட்டிப்பார்க்கிறது. அந்தப் புண்ணியவான்கள் தங்கள் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் பெயரைப் போட்டுக்கொள்ளக்கூடாதா? 2012-ல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்தது. அதில் இந்த அகத்தியமலைப் பகுதிக் காடுகளும் சேர்த்தி. 2016-ல் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. 'ராஜா லவ்ஸ் ரம்யா' அந்தப் பட்டியலில் இல்லை.

இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமை. முழங்கால் ரெண்டும் தனியாக ஒரு யூனியன் ஆரம்பித்து ஸ்ட்ரைக் அறிவித்துவிட்டன. இரண்டாம் ராத்திரியும் அதிருமலையில் தங்கி, மூணாவது நாள் மத்தியானம் போணக்காடு வந்து சேர்ந்தோம். அண்ணாச்சிக்கு ஆறு பேரும் சேர்ந்து ஒரு தொகை கொடுத்தோம். கவரில் போட்டு, ரெண்டு கையாலும். சில்லறையாகப் பொறுக்கி நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. போணக்காடு வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலை எஸ்டேட். வேலை நின்று, பாக்டரி துருப்பிடித்து, லயன் வீடுகள் ஓடு சரிந்து கிடக்கின்றன. மலைமேல் இருக்கிற பாழ் பங்களாவில் பேய் என்று சொல்லி வாலிபர்கள் கும்பலாகப் போய் வீடியோ எடுக்கிறார்கள். பேய் இருக்கிறதோ இல்லையோ, லயனில் மனுஷர்கள் இருக்கிறார்கள். தலைமுறைகளுக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேரன் பேத்திகள்.

ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த ஆச்சி எங்களைப் பார்த்ததும், "எந்த ஊருப்பா?" என்றார்.

"திருநெல்வேலி, ஆச்சி."

"எங்க தாத்தாவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம்னு சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்துல தண்ணி கெடக்கா?"

"கெடக்கு ஆச்சி."

"அப்ப சரி" என்று உள்ளே போய், எங்களுக்கு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.